பில் ராபின்சனைக் கேட்க வைத்த மரக்காலணி

காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டேப் நடனத்துக்கான காலணி என்றால் முன்பாதத்திலும் குதியிலும் உலோகத் தகடு திருகப்பட்ட காலணிதான் இன்று கடைகளில் கிடைக்கிறது. ஆறு ஆண்டுகளாக நானும் அதைத்தான் அணிந்து ஆடிவந்தேன். அமெரிக்க டேப் நடனக் கலைஞர் பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன் படிகளில் ஏறி இறங்கித் தாளம் தட்டிய படிக்கட்டு நடனத்தைப் பயிலத் தொடங்கியபோது, என் காலில் எழுந்த ஓசைக்கும் 1929 இல் இசைத்தட்டில் பதிவான அவருடைய காலடி ஓசைக்கும் இடையே இருந்த தூரம் என்னை உறுத்தியது. அவர் ஆடியது மரம் பொருத்திய காலணியில். ஆகவே, அளவெடுத்துச் செய்து தரும் ஒரு சிறிய பட்டறையில் அதே அமைப்பில் ஒரு சோடி செய்யச் சொல்லி வாங்கினேன். நான்கு மாதங்கள் அணிந்து ஆடிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

சாதாரணத் தோல் காலணிதான். ஆனால் அதன் அடிப்பாகத்தில் விரல்நுனியிலிருந்து முன்பாதம் வரை மட்டும் ஒரு மரத்துண்டும், பின்னால் உயர்ந்த மரக்குதியும் உண்டு. அந்த மரத்துண்டு முழுவதும் இறுக்கிப் பொருத்தப்படாமல் சற்றே தளர்வாக விடப்பட்டிருப்பதால் பாதம் வளைகிறது. தட்டும் இடத்துக்கேற்ப ஓசையும் மாறுகிறது. உலோகத் தகட்டின் கணீரென்ற ஒலி இதில் இல்லை. மரக்கதவை விரல் கணுவால் தட்டினால் எழும் வறண்ட, அளவான ஓசையே எழுகிறது. அரங்கின் கடைசி வரிசை வரை முழங்க வேண்டும் என்று விரும்புபவருக்கு இது ஏமாற்றமே தரும்.

எனக்கோ இந்த அடக்கத்தில்தான் ராபின்சனின் பாணி விளங்கியது. அவருக்கு முந்தைய ஆட்டக்காரர்கள் பலர் பாதத்தைத் தட்டையாக ஊன்றி, தரையை நோக்கித் தாழ்ந்து ஆடினர். ராபின்சன் நிமிர்ந்து நின்று எடையை முன்பாதத்தில் ஏந்தினார். ஆட்டம் முழுவதும் முழங்காலுக்குக் கீழேதான் நடப்பதுபோல இருக்கும். இந்தக் காலணியோடு கனமாக மிதித்தால் அடிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன. மெல்ல, துல்லியமாகத் தட்டினால் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கிறது. 1918 இல் நியூயார்க்கின் பாலஸ் அரங்கில் அவர் ஆடிய படிக்கட்டு நடனத்தில் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு சுருதியில் ஒலித்தது என்பதன் பொருளை, வீட்டில் ஐந்து மரப்படிகளில் ஏறி இறங்கியபோதுதான் என் காதால் உணர்ந்தேன்.

1878 இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். கறுப்பினக் கலைஞர்கள் இருவராகத்தான் மேடையேற வேண்டும் என்று வோடவில் எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் இருந்த வழக்கத்தை மீறித் தனியாளாக நின்றவர்களில் முன்னோடி. நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் பெரும்பெயர் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. 1935 இல் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் கையைப் பிடித்துத் திரையில் அவர் படியேறிய காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீட்டு வேலைக்காரர் வேடத்தில், அந்தக் கால்களில் எவ்வளவு கண்ணியம்!

குறைகளையும் சொல்ல வேண்டும். மரக்குதி அதிர்ச்சியைத் தாங்குவதில்லை; முதல் இரு வாரங்கள் முழங்கால் வலித்தது. மெழுகு பூசிய தரையில் வழுக்குகிறது, சிமெண்டுத் தரையிலோ மரம் விரைவில் சிதைகிறது. குளிர்காலத்தில் மரம் உலர்ந்து திருகுகள் தளர்ந்தன. பட்டறையினர் கட்டணமின்றிச் சரிசெய்து தந்தனர். விலையோ என் பழைய காலணியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. புதிதாகக் கற்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓரளவு தேர்ந்து, தன் அடிகளின் தெளிவைச் சோதிக்க விரும்புபவர் தயங்காமல் வாங்கலாம்.

ராபின்சனின் பிறந்தநாளான மே 25 ஐ அமெரிக்க நாடாளுமன்றம் 1989 இல் தேசிய டேப் நடன நாளாக அறிவித்தது. வரும் மே மாதம் அந்நாளில் எங்கள் வகுப்பில் படிக்கட்டு நடனத்தை ஆட இருக்கிறேன். உலோகத் தகட்டுக் காலணி அன்று வீட்டிலேயே இருக்கும்.