லீ என்ஃபீல்ட் நம்பர் 5: குறி நிற்காத துப்பாக்கியோடு இத்தனை வருடம்

நிபோங் தெபாலில் செம்பனைக்குள் புகும் காட்டுப்பன்றிகளை விரட்ட முறையாக லைசென்ஸ் எடுத்து ஷாட்கன் வைத்திருக்கும் தம்பி ஒருவர், வேலைக்காக நியூசிலாந்து போகிறார். அங்கே முதல் ரைஃபிளாக நான் வைத்திருப்பதைப் போல ஒரு நம்பர் 5, அதாவது பழைய பிரிட்டிஷ் ராணுவ லீ என்ஃபீல்ட் ரைஃபிளின் குட்டை வடிவமான ஜங்கிள் கார்பைன், வாங்கலாமா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் அடங்காத பதில் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் துப்பாக்கி பினாங்கில் இல்லை. நியூசிலாந்தின் சவுத் ஐலண்டில் வேலை பார்த்த காலத்தில் வாங்கினேன். ஊர் திரும்பியபோது மச்சான் பேருக்கு மாற்றிவிட்டேன். மான் கத்தும் மார்ச், ஏப்ரலில் வருகையாளர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போய் அவரோடு காட்டுக்குள் இறங்குவேன். 1960 ஆயுதச் சட்டம் இருக்கும் நம் மலேசியாவுக்கு அதைக் கொண்டுவரும் யோசனையே யாருக்கும் வேண்டாம்.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினாலே போதும், வழுக்கிக்கொண்டு பின்னால் வரும். ஜெர்மானிய மௌசர் ரைஃபிளில் 90 டிகிரி தூக்க வேண்டியது இதில் ஏறக்குறைய 60-தான். ஸ்பிரிங் போல்ட்டைத் திறக்கும்போது இறுகாமல், மூடும்போதுதான் இறுகுகிறது. அதனால் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாம். மச்சானின் புத்தம்புது ரைஃபிளை இயக்கிப் பார்த்துவிட்டு இதைத் தொட்டால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். எடையும் அப்படித்தான். இதே லீ என்ஃபீல்டின் முழு நீள வடிவமான நம்பர் 4 நான்கு கிலோவுக்கு மேல், இது சுமார் 3.2 கிலோ. நீளம் ஒரு மீட்டர். ஈரப் பாசியும் பெரணியும் அடர்ந்த மேற்குக் கரைக் காட்டில், ஐம்பது மீட்டருக்குள் மான் நிற்கும் இடத்தில், இதைவிடக் கைக்கு அடக்கமான ஒன்றை நான் தூக்கியதில்லை. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியபோது நம் காடுகளில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏன் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள் என்பது அங்கே நடக்கும்போது புரிகிறது.

வாங்கியபோது துப்பாக்கியின் மரக்கட்டை முழுக்க யாரோ வார்னிஷ் அடித்து வைத்திருந்தார்கள். அதைக் கரைத்து எடுத்து, பள்ளங்களை ஈரத்துணியும் இஸ்திரிப்பெட்டியும் வைத்து ஆவியால் மேலே எழுப்பி, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே தேய்த்தேன். மணல்தாள் கட்டையின் பக்கமே போகக்கூடாது, பழைய முத்திரைகள் அழிந்துவிடும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள். பழைய ராணுவத் தோட்டாக்கள் சுட்டால் அன்றே குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதன் தீமூட்டும் மருந்திலிருந்து குழலில் படியும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கிக்குக் குறி நிற்காது. இன்று நூறு மீட்டரில் நெஞ்சுக்கு நேராக வைத்த குறி, அடுத்த பயணத்தில் ஒரு கையகலம் தள்ளிப் போயிருக்கும். இது புதிய புகார் இல்லை. ராணுவமே சோதித்துப் பார்த்தது, தீர்வு கிடைக்கவில்லை, 1944-இல் தொடங்கிய உற்பத்தி 1947-இல் நின்றுபோனது. எடையைக் குறைக்க இரும்பைச் செதுக்கி எடுத்ததுதான் காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். குறையே இல்லை, தானியங்கித் துப்பாக்கிக்கு மாறச் சொன்ன சாக்கு அது என்று இன்னொரு சாரார் இன்றும் சண்டை போடுகிறார்கள். என்னுடையதில் குறை இருக்கிறது, அவ்வளவுதான். முன்கட்டை பின்புறம் இரும்போடு சேரும் இடத்தில் மரம் சுருங்கி இடைவெளி விட்டிருந்தது. அங்கே ஒருவரிடம் கொடுத்துக் கெட்டி மரச் சில்லு வைத்து இறுக்கினோம். பாதி சரியாயிற்று. மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் காட்டுக்குள் போகும் முன் ஒரு காலைப்பொழுதும் ஒரு பெட்டித் தோட்டாவும் குறி பார்ப்பதிலேயே போகின்றன. ஒரு மிருகத்தைக் காயப்படுத்தித் தவிக்க விடுவதைவிட அது மேல், அதனால் செய்கிறேன். ஆனால் சலித்துவிட்டது.

அப்புறம் கட்டையின் பின்முனையில், தோளில் படும் அந்த ரப்பர். உதையைத் தாங்க வைத்தது, குறுகலாக இருப்பதால் உதை முழுவதும் ஒரே இடத்தில் குத்துகிறது. எழுபது வருடத்துக்கு மேல் காய்ந்து கல்லாகியும் போயிருந்தது. மாற்றினேன். புதியதும் அதே அகலம்தான், அதே குத்துதான்.

வாங்குவதென்றால் போலியைக் கவனியுங்கள். நம்பர் 4-இன் குழலை வெட்டி, நுனியில் சுடும்போது எழும் ஒளியை மறைக்கும் கூம்பை மாட்டி விற்கிறார்கள். உண்மையானதில் போல்ட் குமிழ் உள்ளே குடையப்பட்டிருக்கும், குழலின் அடிப்பகுதியில் மரத்துக்குள் மறைந்திருக்கும் செதுக்கல்கள் இருக்கும். கட்டையைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

தம்பிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நல்ல நம்பர் 4 ஒன்று பாருங்கள். ஒரு கிலோ கூடுதல்தான், ஆனால் வைத்த குறி வைத்த இடத்தில் இருக்கும், போல்ட்டும் இதே சுகம். என்னுடையதை விலைக்குக் கேட்டு மச்சானிடமும் போகாதீர்கள். ஏப்ரலில் நான் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.