பயத்தம் உருண்டையா, தூள் போத்தலா?

வன்னியில் தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் மூன்றும் மழைக்குள்தான் வரும். 2018 நத்தாருக்கு முந்தின கிழமை இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டில் செய்து பண்டிகைப் பரிசாகக் கொடுக்கிற எந்தச் சாமானும் இந்த ஈரத்தைத் தாங்க வேண்டும். போன வருடம் கை இறுக்கம். பன்னிரண்டு வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், கடையில் வாங்க வழியில்லை. பயத்தம் உருண்டையா, வறுத்த மிளகாய்த்தூளா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தூளுக்குப் போனேன். இந்த வருடமும் தூள்தான்.

உருண்டையின் ருசியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் தூள் போத்தலை நீட்டினால் பிள்ளைகளின் முகம் போகிற போக்கையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பயற்றம்மாவுக்குத் தேங்காய்ப்பூ வேண்டும், பொரிக்க எண்ணெய் வேண்டும். 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறிய பிறகு, பலகாரம் சிக்கனமான பரிசு என்ற பேச்சே எடுபடவில்லை. இன்னொன்று, தீபாவளிக்கு எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் பலகாரத் தட்டுப் போகும். மூன்றாம் நாள் யார் வீட்டு முறுக்கு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது.

முறுக்கை விட்டுவிடுவோம், மழைக்கு அது ஒரு இரவில் நமத்துவிடும். எள்ளுப்பாகு பரவாயில்லை, பொரிக்கிற வேலையும் தேங்காய்ச் செலவும் இல்லை. ஆனால் எள்ளைக் கழுவித் தோல் நீக்கிக் காயவைக்க வெயில் வேண்டும். ஓலைக் குட்டானில் வைத்துக் கொடுத்தால் பார்க்க அழகு, இழைக்க எனக்குக் கை வராது. பெரியம்மா இழைத்துத் தந்த நாலும் கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப் போயின.

தூளுக்கு வேண்டிய வெயில் மழைக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. சிறுபோகத்து மிளகாய் ஆவணி, புரட்டாதியில் பழுத்துக் காயும். தெரிந்த தோட்டக்காரரிடம் அப்போதே பழமாக வாங்கி, முற்றத்தில் பாய் போட்டு, உடைத்தால் சடசடக்கும்வரை காயவைத்துத் தகரப் பேணியில் மூடிவிடலாம். கொடுக்கிற நாளுக்கு ஒரு கிழமை முன்னர் வறுத்து அரைத்தால் போதும். காசும் ஒரே நாளில் போகாமல் இரண்டு மூன்று மாதத்தில் பிரிந்து போகும். மாதச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

என் அளவு: செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், நற்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை எங்கோ போனபோது கிணற்றடியில் நட்ட மஞ்சள் இப்போது கைகொடுக்கிறது. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். வெந்தயம் கருகினால் முழுத்தூளும் கசக்கும். கறிவேப்பிலை கையால் நொறுங்கும்வரை வறுபட வேண்டும், அதில் மிஞ்சுகிற ஈரம்தான் பிறகு கட்டியாக நிற்கும். கால் கிலோ, அரைக் கிலோ என்று கொண்டுபோனால் மில்லில் முகம் சுளிப்பார்கள், மெசினில் ஒட்டுவதே பாதியாகிவிடும். மொத்தமாகவே அரைப்பது நல்லது.

போன வருடம் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். மில்லில் இருந்து வருகிற தூள் நல்ல சூடாக இருக்கும். அவசரத்தில் அப்படியே ஜாம் போத்தல்களில் நிரப்பி மூடியை இறுக்கிவிட்டேன். விடியப் பார்த்தால் மூடியின் உட்பக்கம் முழுக்க வியர்வை! எல்லாவற்றையும் கொட்டி, பேப்பரில் பரப்பி, அடுப்பங்கரையில் ஆறவைத்து, போத்தல்களையும் தணல் அருகே கவிழ்த்துக் காயவைத்து மறுபடி நிரப்பினேன். போத்தலுக்கு 200 கிராம். மெசினில் போனது போகப் பதினொன்றுதான் நிறைந்தது. பன்னிரண்டாவது வீட்டுக்கு முறிகண்டியில் வாங்கிய கச்சான் போனது. அவர்கள் அதைத்தான் கூடுதலாக விரும்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சரி, அதுவும் நடக்கும்.

எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் வீட்டுத் தூள் பங்குனி வரை மணம் குறையாமல் இருந்தது, அதற்குப் பிறகு மிஞ்சவில்லை. ஈரக்கரண்டி போடுகிற வீட்டில் அவ்வளவு நாள் நிற்காது. உறைப்பும் ஆளுக்கு ஆள் மாறும். கொழும்பில் இருக்கிற மச்சாள் ஒரு கரண்டி போட்டுவிட்டுத் தொலைபேசியில் என்னைத் திட்டினாள்.

செத்தவீடு நடந்த துடக்கு வீட்டுக்கு மட்டும் தூள் கொண்டுபோக மாட்டேன். அந்த வருடம் அவர்கள் பலகாரம் சுடமாட்டார்கள், அயல்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே உருண்டைதான், தேங்காய் என்ன விலை விற்றாலும்.

இந்த ஆவணியில் ஏழு போத்தல் திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று ஒன்றுக்குள் தேசிக்காய் ஊறுகாய், ஒன்றுக்குள் புழுக்கொடியல். ஊறுகாய்ப் போத்தலின் மூடி மணம் இன்னும் போகவில்லை. அதற்குத் தூள் போட முடியாது, வேறு மூடி தேடுகிறேன்.