பவர் இருப்பவர்களுக்கு சைக்கிள் கூலிங் கிளாஸ்: மூன்று வாங்கிப் பார்த்தபின் எழுதுகிறேன்

எனக்கு வலது கண்ணில் மைனஸ் 4.75, இடது கண்ணில் மைனஸ் 3.25. வாரத்தில் மூன்று நாள் திருவான்மியூரில் இருந்து ஈசிஆரில் முட்டுக்காடு பாலம் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமல்லபுரம் வரைக்கும் சைக்கிளில் போய் வருவேன். காலை 5 மணிக்குக் கிளம்பும்போது இருட்டு. திரும்பி வடக்கே வரும்போது வலது பக்கம் கடல், அதன்மேல் சூரியன். நேருக்கு நேர் அடிக்கிற வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம். இது பக்கவாட்டில் இருந்து, கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள சந்து வழியாக நுழைந்து லென்ஸின் உள்பக்கத்தில் பட்டு கண்ணுக்குள் அடிக்கும். அந்த நேரத்தில் ரோட்டில் இருக்கிற பள்ளம் தெரியாது. கூடவே கடற்காற்றில் பறந்து வருகிற மணல், லாரி கிளப்பும் தூசி, விடிகாலைப் பூச்சிகள்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு சாதாரண ஸ்போர்ட்ஸ் கண்ணாடியை மேலே மாட்டினால் பிரச்சனையே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். பலருக்கு அது சரியாக இருக்கிறது. எனக்கு ஒரு மணி நேரம் காற்று பட்டாலே கண் காய்ந்துவிடும், வியர்வை வழிந்து உள்ளே போனால் எரியும், நடுவழியில் கழற்றிக் கழுவ சுத்தமான கையும் இருக்காது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு விட்டேன். ஆக, பவரோடு ஒரு கூலிங் கிளாஸ் வேண்டும். நாலு வருடத்தில் மூன்று வாங்கினேன், மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. முதல் இரண்டில் போன பணம் உங்களுக்கும் போக வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது இன்சர்ட் வகை. வெளியே முகத்தைச் சுற்றி வளைந்த பெரிய கறுப்பு லென்ஸ், உள்ளே மூக்குப் பக்கம் ஒரு குட்டி ஃபிரேம் கிளிப் மாதிரி மாட்டிக்கொள்ளும், அந்தக் குட்டி ஃபிரேமில்தான் நம் பவர் லென்ஸ். லென்ஸோடு சேர்த்து 3,800 ரூபாய் ஆனது. இதில் உண்மையிலேயே நல்ல விஷயங்கள் இருக்கின்றன. பவர் மாறினால் உள் லென்ஸை மட்டும் மாற்றினால் போதும். வெளி லென்ஸைக் கழற்றி இருட்டுக்கு வெள்ளை, வெயிலுக்குக் கறுப்பு என்று மாற்றிப் போடலாம். பவர் ரொம்ப அதிகம், மைனஸ் 6, 7 என்று இருப்பவர்களுக்கு பல சமயம் இது ஒன்றுதான் வழி. அதனால் இதை மட்டமான பொருள் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் சென்னைக்கு இது ஒத்துவரவில்லை. இரண்டு லென்ஸுக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. அக்கரை சிக்னலில் நின்றால் போதும், உடம்புச் சூடும் வியர்வையும் சேர்ந்து பத்தே நொடியில் உள் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும், அதுவும் விரல் போகாத இடத்தில். பச்சை விழுந்து, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது எதிரே வெறும் வெள்ளைப் புகைதான் தெரியும். இன்னொன்று, உள் ஃபிரேம் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே உட்காருவதால் இமைமுடி ஒவ்வொரு சிமிட்டலுக்கும் லென்ஸைத் தொடும். அரை மணி நேரத்தில் லென்ஸின் நடுவில் எண்ணெய்க் கோடுகள் மாதிரி படிந்து, எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் நட்சத்திரமாகச் சிதறும். ஆவி படியாமல் இருக்க விற்கிற ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன், பாத்திரம் கழுவுகிற சோப்பை மெல்லத் தடவித் துடைத்தும் பார்த்தேன். கொஞ்சம் குறையும், வியர்வை வழிந்ததும் மறுபடி அதே கதைதான்.

சரி, நேரடியாக வளைந்த ஃபிரேமிலேயே பவர் போட்டுவிடலாம் என்று இரண்டாவது. கடைப் பெயர் வேண்டாம். முகத்தை நன்றாகச் சுற்றி வருகிற ஃபிரேம் ஒன்றை எடுத்தேன், கடைக்காரர் என் வழக்கமான சீட்டில் இருந்த நம்பரை அப்படியே லேபுக்கு அனுப்பினார். வந்ததும் போட்டுப் பார்த்தேன். நேரே பார்த்தால் பரவாயில்லை, கண்ணை லேசாக ஓரம் திருப்பினால் கடையின் தரை சாய்ந்து தெரிந்தது, கதவு நிலை வளைந்தது. ‘பழகிடும் சார்’ என்றார்கள். இரண்டு வாரம் பழகிப் பார்த்தேன். 40 கி.மீ. ஓட்டினால் புருவத்துக்கு மேலே ஒரு வலி, பக்கத்தில் வருகிற சைக்கிள்காரருக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே குழப்பம். இது பழகிப்போகிற விஷயம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

காரணம் இதுதான். நாம் தினமும் போடுகிற கண்ணாடியில் லென்ஸ் ஏறக்குறைய முகத்துக்கு நேராக நிற்கிறது, நம்பரும் அதற்கென்றே எடுத்தது. வளைந்த ஃபிரேமில் லென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். சாய்ந்த லென்ஸ் வழியாகப் பார்த்தால் பவர் கூடும், சீட்டில் இல்லாத சிலிண்டர் பவரும் (ஒரு திசையில் மட்டும் இருக்கிற பவர்) தானாகச் சேரும். என் மைனஸ் 4.75 லென்ஸை 20 டிகிரி சாய்த்தால் கிட்டத்தட்ட 0.6 அளவுக்கு சிலிண்டர் வந்துவிடும். அதையே 10 டிகிரி மட்டும் சாய்த்தால் 0.15 தான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்து நம்பரைத் திருத்தி லென்ஸ் வெட்ட வசதி இருக்கிறது, ஃப்ரீஃபார்ம் என்று கேட்டால் தெரிந்த கடையில் உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் ஃபிரேம் எத்தனை டிகிரி வளைந்திருக்கிறது என்று கடையில் அளந்து எழுதி அனுப்பினால்தான் லேப் அதைச் செய்ய முடியும். எனக்கு யாரும் அளக்கவில்லை.

இதனால்தான் பவர் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள் விளம்பரத்தில் வருகிற மாதிரி காது வரைக்கும் சுற்றி வளைகிற ஃபிரேமுக்கு ஆசைப்படக் கூடாது என்று சொல்கிறேன். பவர் 1, 2 என்று இருந்தால் தாராளமாக எடுக்கலாம். மைனஸ் 4-க்கு மேலே போனால் ஓரளவுக்கு மட்டும் வளைந்த ஃபிரேம்தான் நல்லது. அதிலும் லென்ஸ் அகலம் குறைவாகப் பார்த்து எடுக்க வேண்டும், மைனஸ் லென்ஸ் ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும் என்பதால். இந்த வசதியெல்லாம் இல்லாத காலத்திலும் ஓட்டியிருக்கிறார்கள். 1983, 84 இரண்டு வருடமும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்த லோரன் ஃபின்யோன் வட்டமான கம்பி ஃபிரேம் கண்ணாடியோடுதான் ஓட்டினார், அதனாலேயே அவருக்குப் புரொஃபசர் என்று பட்டப்பெயர். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கில் இருந்து வழுக்காமல் எப்படிச் சமாளித்தார் என்றுதான் யோசிப்பேன்.

மூன்றாவது, இப்போது போடுவது. மயிலாப்பூரில் ஒரு சின்னக் கடை. கண் பரிசோதிக்கிற பெண் முதலில் கேட்டதே ‘சைக்கிள்ல எப்படி உட்காருவீங்க?’ என்பதுதான். ஹெல்மெட்டையும் எடுத்து வரச் சொன்னார். மறுநாள் கொண்டுபோனேன். ஹெல்மெட்டை மாட்டச் சொல்லி, ஃபிரேமைப் போடச் சொல்லி, ‘சார், அப்படியே டேபிளைப் பிடிச்சுட்டு ரோட்டைப் பார்க்கிற மாதிரி குனிங்க’ என்றார். குனிந்தேன். எதிரே மண்டியிட்டு, ஃபிரேமில் இருந்த பவர் இல்லாத டெமோ லென்ஸில் என் கண்மணி வருகிற இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு நிமிரச் சொல்லி இன்னொரு புள்ளி. கழற்றிக் காட்டினார். குனிந்தபோது வைத்த புள்ளி 8 மி.மீ. மேலே இருந்தது, ஃபிரேமின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம்தான் கீழே.

இந்த 8 மி.மீ. எல்லோருக்கும் பெரிய விஷயம் இல்லை. இரண்டு கண்ணிலும் ஒரே பவர் என்றால் லென்ஸின் மேல்பக்கம் வழியாகப் பார்த்தாலும் இரண்டு கண்ணிலும் காட்சி ஒரே அளவுதான் நகரும், மூளைக்குச் சிக்கல் இல்லை. எனக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவே 1.5 வித்தியாசம். லென்ஸின் மையத்தில் இருந்து 8 மி.மீ. மேலே பார்த்தால், 10 மீட்டர் தூரத்தில் இருக்கிற ஒரு கல் ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் 12 செ.மீ. மேலும் கீழுமாகத் தெரியும். கண் தசைகள் அதை இழுத்து ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். இத்தனை வருடம் அந்தப் புருவ வலிக்கு வெயிலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைப் பெண் லென்ஸின் மையத்தை நிமிர்ந்த புள்ளியில் இருந்து 5 மி.மீ. மேலே வைத்து எழுதினார். முழுசாக 8 வைத்தால் நிமிர்ந்து சைக்கிளில் இருக்கிற வேக மீட்டரைப் பார்க்கும்போது தொந்தரவு வரும் என்றார். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே அந்தக் கடைக்குத் திரும்பப் போவேன். உங்கள் இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் இருந்தால், குனிந்த நிலையில் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

ஹெல்மெட்டைக் கொண்டுபோனதும் வீண் போகவில்லை. முதலில் பிடித்த ஃபிரேமின் காதில் மாட்டுகிற காம்பு தடிமனாக இருந்து ஹெல்மெட்டின் பின்பக்கப் பட்டையோடு முட்டியது. வேறு மாற்றினோம், காம்பு மெலிதாக, நுனியில் ரப்பர், மூக்குத் தாங்கி வளைத்துச் சரிசெய்கிற மாதிரி. மேல் விளிம்பில் ஃபிரேம் இல்லாத அரை ரிம் வகை, அதனால் குனிந்தால் ரோட்டுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு விழுவதில்லை.

லென்ஸ் விஷயத்தில் கண்ணாடி வேண்டவே வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக்கும் வேண்டாம். லாரி டயரில் இருந்து ஒரு ஜல்லி தெறித்தால் கண்ணுக்குள் சில்லு போகும். பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ், இரண்டில் ஒன்று. பாலிகார்பனேட் விலை குறைவு, கிடைப்பதும் சுலபம், கொஞ்சம் மெலிதாக வரும், ஆனால் ஓரத்தில் வண்ணம் பிரிந்து தெரியும், பவர் கூடினால் அது உறுத்தும். டிரைவெக்ஸ் எடை இன்னும் குறைவு, பார்வை தெளிவு, திருகு துளை போட்டால் விரிசல் விடாது, விலைதான் அதிகம். நான் டிரைவெக்ஸ் எடுத்தேன். புற ஊதாக் கதிரைத் தடுக்கிற யூவி 400 என்று இருக்கிறதா என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். கறுப்பாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கிற ஃபோட்டோகுரோமிக் வகையில் பிரவுன் எடுத்தேன். இருட்டில் கிளம்பி வெயிலில் திரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. பிரவுனில் தாரும் பள்ளமும் தனித்தனியாகத் தெரிகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த லென்ஸ் சூட்டில் முழுசாகக் கறுக்காது. ஜனவரிக் காலையில் நன்றாகக் கறுக்கிறது, மே மாதம் 9 மணிக்கு வெளிறித்தான் நிற்கிறது. மத்தியான வெயிலில் ஓட்டுகிறவர்கள் நிரந்தரமாகக் கறுத்த, கேட்டகரி 3 லென்ஸ் எடுப்பதே சரி, அது வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம்தான் உள்ளே விடும். அதே கேட்டகரி 3-ஐப் போட்டுக்கொண்டு கொல்லிமலையின் 70 வளைவுகளில் இறங்காதீர்கள். வெயிலில் இருந்து மரநிழலுக்குள் நுழைகிற நொடியில் ரோடு காணாமல் போகும். ஃபோட்டோகுரோமிக்கும் அங்கே உடனே வெளுக்காது, ஒன்றிரண்டு நிமிடமாவது எடுக்கும். மலைக்கு நடுத்தரமான கேட்டகரி 2 போதும்.

பளபளப்பை வடிகட்டுகிற போலரைஸ்டு லென்ஸ் எடுக்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள். கார் ஓட்டவும் மீன் பிடிக்கவும் அது அருமை. சைக்கிளில், மழை பெய்த ரோட்டில் எண்ணெய் சிந்திய இடம் பளபளப்பதை வைத்துத்தான் நாம் ஒதுங்குகிறோம், அந்தப் பளபளப்பையே அது மறைத்துவிடும். சில மீட்டர்களின் திரையும் ஒரு கோணத்தில் கறுத்துப்போகும். எனக்கு வேண்டாம்.

எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் ஆனது. அதிகம்தான். முதல் இரண்டுக்கும் கொடுத்ததைக் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் வருகிறது. லென்ஸ் வர 12 நாள். வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது, புருவ வலி இல்லை. சிக்னலில் லேசாக ஆவி படிந்தாலும் நகர்ந்ததும் போய்விடுகிறது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் நுழைகிறது, வளைவு குறைவான ஃபிரேம் என்பதால் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இடது லென்ஸில் ஒரு கீறல் இருக்கிறது, முதல் மாதம் வியர்வை காய்ந்து உப்புப் படிந்திருந்ததை ஜெர்ஸி நுனியால் துடைத்ததில் வந்தது. இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரைத் திறந்து உப்பைக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் துணியைத் தொடுகிறேன். மூக்குத் தாங்கி ஒரு தடவை மாற்றினேன், 60 ரூபாய்.