பட்டறைச் சொல்லா, பிரிட்டன் சொல்லா, அமெரிக்கச் சொல்லா?

கும்பகோணத்தில் மாலை நேரங்களில் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் மோட்டார் மெக்கானிக் பிரிவு. மன்னார்குடி, கூத்தாநல்லூர், திருவாரூர்ப் பக்கத்தவர்கள். படிப்பு முடிந்ததும் சிலர் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவார்கள், சிலர் வளைகுடாவுக்கு. "எந்த ஊர் இங்கிலீஷைப் படிப்பது சார்?" என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரே காருக்கு நம் பட்டறையில் ஓர் ஆங்கிலம், பிரிட்டனில் ஒன்று, அமெரிக்காவில் இன்னொன்று.

முதல் இரண்டும் நெருங்கிய சொந்தம். அதற்குக் காரணம் நம் சாலைகளில் ஓடிய வண்டிகள். அம்பாசடர் கார் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்தது. அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனபோது பெயரில் சேர்ந்த லேலண்டும் ஆங்கிலேய நிறுவனம்தான். வண்டியோடு சொல்லும் வந்து இறங்கியது. பானட், கியர்பாக்ஸ், ஸ்பேனர், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் என்று நம் பிள்ளை சொன்னால் லண்டன் மெக்கானிக் மறுபேச்சின்றிப் புரிந்துகொள்வார். அமெரிக்கர் இவற்றையே ஹுட், டிரான்ஸ்மிஷன், ரெஞ்ச், டர்ன் சிக்னல், லைசென்ஸ் பிளேட் என்பார். டயருக்கு பிரிட்டனில் ‘ஒய்’, அமெரிக்காவில் ‘ஐ’. எழுத்துக் கூட்டும் வேறுபாடுகளை ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

தெரியாத சொல்லைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் கை தவறான இடத்துக்குப் போகிறது. சைலன்சரை அமெரிக்கர் மப்ளர் என்பார். நமக்கு மப்ளர் மார்கழிப் பனிக்குக் கழுத்தில் சுற்றுவது. வண்டியில் கேஸ் குறைவாக இருக்கிறது என்றால் நம் பையன் ஏ.சி.க்குக் கேஸ் அடிக்கத்தான் ஆயத்தமாவான். அமெரிக்கர் சொன்னது பெட்ரோலை. ஹுட் இன்னும் மோசம். அமெரிக்காவில் அது எஞ்சின் மூடி. பிரிட்டனிலோ, திறந்த காரின் மேல் இழுத்து மூடும் துணிக்கூரை. நம் ஜீப்பின் படுதாவைப் போன்றது. இந்த மூன்று சொற்களையும் முதல் வாரமே கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்.

பின்பக்கச் சாமான் அறைக்கு மூன்று இடத்திலும் மூன்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிரிட்டனில் பூட், குதிரை வண்டியில் சாமான் வைத்த பெட்டியின் பெயர் காருக்கு வந்தது. அமெரிக்காவில் டிரங்க், அந்தக் காலத்தில் காரின் பின்னால் வைத்துக் கட்டிய பெட்டியின் பெயர் அது. நம் பாட்டிமார் பட்டுப்புடவை வைத்துப் பூட்டும் ரங்குப் பெட்டியும் அதே சொல்தான். இதைச் சொன்ன பிறகு டிரங்க் என்பதை எந்த மாணவனும் மறந்ததில்லை. நாம் சொல்லும் டிக்கி, பழைய பிரிட்டிஷ் கார்களின் பின்னால் மடக்கி விரிக்கும்படி இருந்த இருக்கையின் பெயர். இருக்கை போய்விட்டது, அந்த இடத்துக்குப் பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. இந்தப் பொருளில் அங்கே சொன்னால் புரியாது.

ஸ்டெப்னியும் அப்படித்தான். தொடக்க காலக் கார்களுக்கு உபரிச் சக்கரம் கிடையாது. வேல்ஸ் நாட்டு லானெல்லியில் 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் அதைச் செய்து விற்றார்கள். கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே சக்கரத்துக்கும் ஆனது. இன்று பிரிட்டனில் ஸ்பேர் வீல், அமெரிக்காவில் ஸ்பேர் டயர். பிரேசிலில் ‘எஸ்டெப்பி’ என்று நம்மைப்போல் இன்னமும் அந்தத் தெருவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் சொல்லைத் தவறான ஆங்கிலம் என்று யாராவது திருத்தினால் எனக்குக் கோபம் வரும். அது தவறு அல்ல, மூத்த சொல்.

தமிழ்ச் சொற்களில் பேருந்து வென்றுவிட்டது, பட்டறை என்றும் நம்முடையது. உதிரி பாகங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அமையவில்லை.

என் தேர்வு இதுதான்: பட்டறைச் சொல்லை விடவே வேண்டாம், கடைக்காரரிடம் சாமான் வாங்க அதுதான் உதவும். அதன் மேல் பிரிட்டன் சொல்லை அடித்தளமாகக் கற்கலாம். பாதி ஏற்கெனவே தெரிந்தது, சிங்கப்பூருக்கு அதுவே போதும். வளைகுடாவில் அமெரிக்க வண்டிகள் நிறைய ஓடுவதால், அங்கே போகிறவர்கள் கையேடு படிக்கும் அளவுக்கு அமெரிக்கச் சொல்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக டிங்கரிங். ஒடுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தும் அந்த வேலையை பிரிட்டனில் பேனல் பீட்டிங் என்பார்கள், அமெரிக்காவில் பாடி ஒர்க். வெறும் டிங்கர் என்றால் ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர் என்றே அங்கே பொருள்படும். சென்ற ஆண்டு ஒரு மாணவன் கொண்டுவந்த அனுபவச் சான்றிதழில் "டிங்கரிங், 2 ஆண்டுகள்" என்று இருந்தது. பட்டறை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் மறுக்காமல் இரண்டு தாள்களில் எழுதிக் கொடுத்தார்: சிங்கப்பூருக்குப் பேனல் பீட்டர் என்று ஒன்று, வளைகுடாவுக்கு, அங்கத்து வேலை விளம்பரங்களில் வருகிறபடி, டென்டர் (ஒடுக்கு எடுப்பவர்) என்று இன்னொன்று.