செக்ரெடினா, சின்கலைடா: கணையத்தைச் சோதிக்க எதை எடுப்பது?

எங்கள் எண்டோஸ்கோப்பிப் பிரிவில் கணையச் செயல்பாட்டுச் சோதனையைத் தொடங்கும்போது இரண்டு செயற்கை ஹார்மோன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: செக்ரெடின், அல்லது கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோனின் கடைசி எட்டு அமினோ அமிலங்கள் மட்டும் கொண்ட சின்கலைடு. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் செக்ரெடினோடு நின்றுவிட்டேன்.

செக்ரெடின் கணைய நாளச் செல்களிலிருந்து பைகார்பனேட் (அமிலத்தை முறிக்கும் காரம்) கலந்த நீரை வரவழைக்கும். சின்கலைடு நொதிகளை வரவழைக்கும். உணவைச் செரிப்பது நொதிதானே, அதையே அளந்தால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும்வரை.

கணைய நொதிகள் மாதிரிக் குழாய்க்குள்ளும் சும்மா இருப்பதில்லை, ஒன்றையொன்று சிதைக்கும். எடுத்த உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். ஒருநாள் எங்கள் மாதிரிகள் முக்கால் மணி நேரம் மேசையிலேயே கிடந்துவிட்டன. வந்த லைப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) அளவு நோயாளியின் கணையத்தைச் சொல்கிறதா, எங்கள் மெத்தனத்தைச் சொல்கிறதா என்று கடைசிவரை தெரியவில்லை. பைகார்பனேட்டில் இந்தத் தலைவலி குறைவு. குழாயை இறுக மூடிவைத்தால், இரத்தத்தின் உப்புகளை (எலக்ட்ரோலைட்) பார்க்கும் அதே ஆட்டோஅனலைசர் கருவி போதும்.

முறையும் எளிது. உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மைக்ரோகிராம் வீதம் செக்ரெடினை ஒரு நிமிடத்தில் சிரைவழி செலுத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் முன்சிறுகுடல் நீரை உறிஞ்சுகிறோம். முதலில் பித்தம் கலந்து மஞ்சளாக வருவது, சற்று நேரத்தில் தண்ணீர்போல் தெளிந்துவிடும். நான்கு மாதிரிகளில் ஒன்றில்கூட பைகார்பனேட் லிட்டருக்கு 80 மில்லிஈக்விவலன்டைத் தொடாவிட்டால் சுரப்பு குறைந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். சின்கலைடில் பித்தப்பை சுருங்கி நீர் பச்சையாகவே வரும். நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

செக்ரெடினுக்கும் குறைகள் உண்டு. மருந்தை மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். சின்கலைடு அறை வெப்பத்திலேயே இருக்கும். இரைப்பையை முதலில் நன்றாக உறிஞ்சாவிட்டால் அமிலம் வழிந்து பைகார்பனேட்டைத் தின்றுவிடும், நல்ல கணையமும் நோயுற்றதாகத் தெரியும். நோய் முற்றியவருக்கு இரண்டுமே வேண்டாம், மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் சோதனை போதும். தொடக்கநிலைக் குறைபாட்டைத்தான் அது பெரும்பாலும் தவறவிடுகிறது.

குழந்தைகளுக்கு நான் செய்ததில்லை. ஷ்வாக்மன்-டயமண்ட் என்ற பிறவி நோய்க்குறியில் நீர்ச் சுரப்பு ஓரளவு நன்றாகவே இருக்க, நொதிகள் மட்டும் வற்றிவிடும். அங்கே என் செக்ரெடின் ஏமாந்துபோகும். சின்கலைடைத்தான் எடுக்க வேண்டும், பனிக்கட்டிப் பெட்டியோடு.