பெட்டியில் 8 ஜிபி, உள்ளே 1 ஜிபி: மலிவு டெப் வாங்கப் போகிற பெற்றோருக்கு

சாதாரண தரம் படிக்கிற பிள்ளைக்கு ஒரு டெப் எடுத்துக் கொடுப்போம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற தாய் தகப்பன்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைக்குப் போக முதல் ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள்.

பெயர் கேள்விப்படாத கம்பெனி. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "8 ஜிபி றாம், 256 ஜிபி மெமறி, அன்ட்ரொய்ட் 12, 5ஜி" என்று அச்சடித்திருக்கும். றாம் என்பது செயலிகள் ஓடும்போது பாவிக்கிற தற்காலிக இடம், மெமறி என்பது படங்கள், பாடங்களைச் சேமித்து வைக்கிற இடம். விலை முப்பதாயிரத்துக்குக் கீழே. எங்கள் வீட்டுக்கு வந்த டெப்பில் இந்த நான்கு விபரமும் பொய். அதைவிட மோசம், டெப்பைத் திறந்து செற்றிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாலும் அதே பொய்தான் அங்கேயும் எழுதியிருக்கிறது.

நாங்கள் விசுவமடுப் பக்கம். மகளுக்கு வருகிற வகுப்பு முழுவதும் போனில்தான். ரியூசன் ஆசிரியர்மார் வட்ஸ்அப் குழுவில் கடந்தகால வினாத்தாள்களைப் பிடிஎப் ஆக அனுப்புவார்கள், இரவில் சூம் வகுப்பு இருக்கும், வகுப்பைத் தவறவிட்டால் வீடியோவை இறக்கிப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு போன், அதையும் என் கணவர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார். அதனால் கச்சான் பிடுங்கி விற்ற காசில் 28,500 ரூபாயை ஒதுக்கி, கிளிநொச்சியில் ஒரு போன் கடைக்குப் போனோம். கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்கினேன். "தம்பி, இது படிக்கிற பிள்ளைக்கு. பெட்டியில போட்டிருக்கிறதெல்லாம் உண்மைதானே?" என்று கேட்டேன். "அக்கா, செற்றிங்ஸைத் திறந்து காட்டுறன், நீங்களே பாருங்கோ" என்று காட்டினார். 256 என்றுதான் இருந்தது. பில்லிலும் "8/256" என்று தன் கையால் எழுதித் தந்தார். அந்தப் பில் பத்திரமாக இருக்கிறது.

முதல் அரை மணித்தியாலம் எல்லோருக்கும் சந்தோஷம். பத்து அங்குலத் திரை, கூடவே உறை, ஒரு பேனா, காதில் மாட்டுவது. படம் பளிச்சென்றுதான் தெரிந்தது, நேரே இருந்து பார்க்கும் வரைக்கும். சற்றுச் சரித்துப் பிடித்தால் முகங்கள் கறுத்துவிடும், நிறம் மாறிவிடும். ஒரு செயலியைத் தொட்டால் திறக்கிறதா இல்லையா என்று தெரியாமல் பிள்ளை திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருப்பாள். சூம் வகுப்பில் ஆசிரியரின் குரல் வரும், பலகை உறைந்து நிற்கும். வகுப்பு நடக்கும்போதே வினாத்தாளைத் திறந்தால் சூம் தானாக மூடிவிடும்.

படிப்புக்கு என்று வாங்குகிறவர்கள் பிடிஎப் விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம். இ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் இருக்கின்றன. டெப் வாங்கியதே அதற்காகத்தான். தரம் 11 விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தோம். பெட்டியில் "ஃபுல் எச்டி" என்று இருந்தது. உண்மையில் இந்தத் திரை அகலத்தில் 1024 புள்ளி, உயரத்தில் 600 புள்ளி, அவ்வளவுதான். டெப்பை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு பக்கத்தின் முழு அகலமும் 600 புள்ளிக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு அது எப்படியாவது சமாளிக்கும். தமிழுக்கு முடியாது. மெய்யெழுத்தின் மேல் இருக்கிற புள்ளி கரைந்துபோகிறது. "கி"யும் "கீ"யும் ஒன்று மாதிரித் தெரிகின்றன. இரசாயனச் சூத்திரங்களில் கீழே சிறிதாக இருக்கும் எண் 2 ஆ 3 ஆ என்று மகள் என்னிடம் கேட்டாள், என்னாலும் சொல்ல முடியவில்லை. பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் பக்கம் சாம்பல் நிறமாகி, மெதுவாக மேலிருந்து கீழே நிரம்பி வருகிறது. இப்படிப் பிள்ளை எப்படிப் படிப்பாள்?

அப்புறம் மெமறி. ஆசிரியரின் பாட வீடியோக்கள் கொஞ்சம், வினாத்தாள்கள் கொஞ்சம் இறக்கியதும் "சேமிப்பிடம் போதவில்லை" என்று வந்தது. செற்றிங்ஸைத் திறந்தால் 256இல் 200 ஜிபிக்கு மேல் இன்னும் வெறுமையாக இருப்பதாகக் காட்டுகிறது. இரண்டு தகவலும் ஒரே டெப்பில், ஒரே நேரத்தில். இதைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறார்.

அவர் முதலில் செய்தது மிகச் சின்ன வேலை. செற்றிங்ஸில் "அன்ட்ரொய்ட் பதிப்பு 12" என்று எழுதியிருக்கிற இடத்தை விரலால் விரைவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். உண்மையான அன்ட்ரொய்ட் 12 என்றால் அந்த இடத்தில் ஒரு பெரிய மணிக்கூடு வரவேண்டுமாம். எங்கள் டெப்பில் ஓரியோ பிஸ்கட் ஒன்று வந்தது. அது 2017இல் வந்த எட்டாம் பதிப்பின் அடையாளம். 12 என்பது அதற்கு மேல் எழுதி ஒட்டிய வெறும் எழுத்து. பிறகு சிபியு-இசட் என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பார்த்தார். உள்ளே டெப்பின் மூளையாக இருப்பது மீடியாரெக் கம்பெனியின் எம்ரி6580 என்ற சிப். நான்கு சிறிய கோர், 32 பிற், 2015ஆம் ஆண்டுக் காலத்துச் சாமான். றாம் 1 ஜிபி. உண்மையான மெமறி 16 ஜிபி, அதிலும் பெரும் பங்கை டெப்பின் மென்பொருளே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சிப்புக்கு 4ஜி கூடத் தெரியாது, 3ஜி வரைதான். பெட்டியில் 5ஜி. சிம் போட்டபோது மேலே ஏன் எப்போதும் 3ஜியைக் குறிக்கும் "எச்" என்ற எழுத்து மட்டும் வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தோம், காரணம் இதுதான். எங்கள் பக்கம் சிக்னல் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதில் 3ஜியும் சேர்ந்தால் சூம் வகுப்பு நடக்காது.

அந்தப் பிள்ளை விளங்கப்படுத்தியதைச் சொல்கிறேன். செற்றிங்ஸ் பக்கத்தில் வருகிற எண்களை டெப் அளந்து சொல்லவில்லை. மென்பொருளைத் தயாரிக்கிற இடத்திலேயே அந்த இடத்தில் விரும்பிய எண்ணை எழுதிவிடலாம். ஆகவே கடைக்காரர் செற்றிங்ஸைத் திறந்து காட்டுவது எதற்கும் ஆதாரம் இல்லை. என்னைப் போல ஆட்களை நம்ப வைப்பதற்கென்றே இது திட்டமிட்டுச் செய்யப்பட்ட வேலை.

மலிவு என்பது குற்றமில்லை, அதையும் சொல்ல வேண்டும். குறைந்த றாம் உள்ள கருவிகளுக்கென்றே கூகுள் "கோ" என்ற அன்ட்ரொய்ட் பதிப்பை வைத்திருக்கிறது. "இது 2 ஜிபி, 32 ஜிபி, பிடிஎப் பார்க்கலாம், வேறு ஒன்றும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்" என்று சொல்லிப் பதினைந்தாயிரத்துக்கு விற்றால் வாங்குகிறவர் தெரிந்துகொண்டு வாங்குவார். இங்கே நடப்பது அது இல்லை.

டெப்பையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனோம். வாங்கும்போது நின்ற தம்பி உள்ளே போய்விட்டார், முதலாளி வந்தார். "அக்கா, நாங்கள் கொழும்பில எடுக்கிற சாமான். பெட்டியில என்ன இருக்கோ அதைத்தான் சொன்னனாங்கள். சொப்ட்வெயார் பிழைக்கு வொறண்டி இல்லை." நான் பில்லைக் காட்டினேன். அது தன் கையெழுத்தில்லை என்றார். இன்னும் ஐயாயிரம் போட்டால் வேறொன்று தரலாம் என்றும் சொன்னார். அந்த வேறொன்றின் பெட்டியிலும் அதே 8 ஜிபி, 256 ஜிபி. காசைத் தரவே இல்லை. சுற்றி நின்ற ஆட்களுக்கு முன்னால், படிப்பறிவு இல்லாத ஒருத்தி சண்டைக்கு வந்த மாதிரி என்னை நடத்தியது இன்னும் மனதில் இருக்கிறது.

காசை விடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. 2023இல் ஹியூமன் செக்கியூரிற்றி என்ற பாதுகாப்பு நிறுவனம், பெயரில்லாத மலிவு அன்ட்ரொய்ட் கருவிகளில் தயாரிக்கும்போதே திருட்டு மென்பொருள் ஏற்றப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து வெளியிட்டது. ரிவிப் பெட்டிகளோடு ஒரு டெப்பும் அதில் அகப்பட்டது. அதற்கு "பாட்பொக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்பிஐயே இதைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. அப்படியான கருவி வீட்டு இணைப்புக்குள் வந்தால், வெளியே இருக்கிறவர்கள் உங்கள் இணைப்பைப் பயன்படுத்தித் தங்கள் வேலையைச் செய்யலாம். எங்கள் டெப்பில் அது இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிளே ஸ்ரோருக்குள் பார்த்தபோது இதற்குக் கூகுளின் சான்று இல்லை என்று வந்தது. அன்றைக்கே மகளின் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட்டேன். வங்கிச் செயலியை மறந்தும் இப்படியானதில் போடாதீர்கள்.

கடையில் நிற்கும்போதே, காசு கொடுக்க முதல் செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்கள் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்து டெப்பை இணையுங்கள். பிளே ஸ்ரோரைத் திறந்து, மேலே படத்தைத் தொட்டு, செற்றிங்ஸில் கடைசியாக உள்ள "எபவுட்" என்பதைத் திறந்தால் "பிளே புரொரெக்ற்" என்ற கூகுளின் சான்று இருக்கிறதா இல்லையா என்று தெரியும். இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. சிபியு-இசட்டை இறக்கி சிப்பின் பெயரைப் பாருங்கள், அதைப் போனில் தேடினால் எந்த ஆண்டுச் சாமான் என்று வந்துவிடும். பதிப்பு எண்ணைத் தட்டிப் பார்க்கும் வேலைக்கு ஒரு நிமிடம் கூடப் போகாது. ஒரு பாடப்புத்தகப் பிடிஎப்பை உங்கள் போனில் கொண்டுபோய், அதை டெப்புக்கு அனுப்பித் திறந்து, பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை.

சிம் போடுகிற டெப் என்றால் *#06# என்று அடித்தால் கருவியின் அடையாள எண்ணாக 15 இலக்கம் வரும். ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். எங்களுடையது பதிவில் இல்லை. இவ்வளவையும் செய்யக் கடைக்காரர் விடவில்லை என்றால், "பெட்டி உடைச்சா எடுக்கோணும்" என்று சொன்னால், வேறு கடை பாருங்கள். இதே காசுக்குச் சம்சுங், லெனோவோ மாதிரித் தெரிந்த கம்பெனியின் பாவித்த டெப் ஒன்றைத் தெரிந்தவர் மூலம் எடுப்பது எவ்வளவோ மேல்.

ஏற்கனவே வாங்கி ஏமாந்தவர்களுக்கு. பொய்யான விபரம் சொல்லிப் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். அந்த அதிகார சபையின் 1977க்கு அழைத்துச் சொல்லலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் கடைக்காரருக்குத்தான் வசதி. "பார்ப்பம், அடுத்த கிழமை வாங்கோ" என்று இழுத்தடிப்பதற்கு மயங்காதீர்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள், றாம், மெமறி அளவுகளை அதில் எழுதச் சொல்லுங்கள், கையெழுத்தும் கடை முத்திரையும் இருக்கட்டும். பெட்டியை எறியாதீர்கள். "இடம் போதவில்லை" என்று வரும் திரையையும், 200 ஜிபி வெறுமை என்று காட்டும் திரையையும் இன்னொரு போனால் படம் எடுத்து வையுங்கள்.

நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிட்டேன். பில்லின் பிரதியையும் படங்களையும் வாங்கி வைத்திருக்கிறார்கள், விசாரணைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே டெப் இன்னும் அதே விலைக்கு இருக்கிறது. பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் யாராவது இதே மாதிரி ஒன்றை எடுத்து இதே கதை நடந்திருந்தால், பில்லோடு போய் உங்கள் பெயரிலும் ஒரு முறைப்பாடு கொடுங்கள். நான் ஒருத்தி மட்டும் சொன்னால், "அவ பாவிக்கத் தெரியாமல் பழுதாக்கிப்போட்டா" என்று அவர்கள் சொல்லித் தப்பிவிடுவார்கள்.