பெட்டியா, பாடநூலா, கிராம சபையா? வீட்டுப் பள்ளியில் நாட்டுப்பற்றுப் பாடம்

எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. பாளையங்கோட்டைக்கு வெளியே, ஊராட்சி எல்லைக்குள் வரும் ஒரு குடியிருப்பில் வீட்டிலேயே படிக்கிறார்கள். கணக்குக்கும் தமிழுக்கும் எந்தப் புத்தகம் என்று முடிவு செய்ய எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாடு, அரசு, கொடி, வரி, ஓட்டு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் மூன்று வருடம் போயிற்று. மூன்று வழிகளைக் காசும் நேரமும் செலவழித்துப் பார்த்துவிட்டோம். இப்போது மூன்றாவதில் நிற்கிறோம். அதனால் இந்த அலசலில் அதற்குத்தான் இடம் அதிகம்.

முதல் வழி, அமெரிக்காவிலிருந்து வரும் கிறிஸ்தவப் பாடப் பெட்டி. வருடத்துக்கு ஒரு பெட்டி. தினமும் எந்தப் பக்கம், என்ன கேள்வி என்று எல்லாம் அதிலேயே இருக்கும். தாளும் அச்சும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சுங்க வரியோடு சேர்த்தால் விலை கடிக்கும். இந்தியப் பிள்ளைக்கு அமெரிக்கச் சரித்திரம் எதற்கு என்பதை நீங்களே கேட்டுக்கொள்வீர்கள், நான் அதில் நிற்கவில்லை. இரண்டாவது, நம் அரசின் பாடநூல். இணையத்தில் இலவசம், கடையில் வாங்கினாலும் மலிவு, தமிழில் இருக்கிறது, பிற்பாடு பரீட்சைக்கும் உதவும். மூன்றாவது, புத்தகமே இல்லாத வழி: வேதாகமத்தின் ராஜாக்கள் கதை, அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை, நம் தெரு, நம் ஊராட்சி.

விலை, மொழி, நேரம் என்று எவ்வளவோ ஒப்பிடலாம். எனக்குக் கடைசியில் ஒரே ஒரு கணக்குதான் மிஞ்சியது. இன்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் எவ்வளவை, அவன் பன்னிரண்டு வயதாகும்போது நானே வாபஸ் வாங்க வேண்டியிருக்கும்? புது வண்டி வாங்கும்போது ஷோரூம் விலையை மட்டும் பார்க்கிறவர் பிறகு சர்வீஸ் செலவில் மாட்டிக்கொள்வார். பாடத்துக்கும் அந்தச் செலவு உண்டு. நாட்டைப் பற்றி அம்மா சொன்னது பொய் என்று தெரிந்த பிள்ளை, அதே அம்மா இயேசுவைப் பற்றிச் சொன்னதையும் ஒருமுறை தட்டிப் பார்க்காமல் விடாது. ஒரே வாயிலிருந்து வந்த பேச்சுதானே இரண்டும்.

இந்தக் கணக்கில் பெட்டி முதல் வருடமே தோற்றது. நாங்கள் வாங்கிய பெட்டியில் காலையில் மூன்று உறுதிமொழி: அமெரிக்கக் கொடிக்கு, கிறிஸ்தவக் கொடிக்கு, வேதாகமத்துக்கு. முதலாவதை நாங்கள் தாண்டிவிட்டோம். அப்படியும் மூத்தவள் விடவில்லை. கொடி உறுதிமொழியில் தேவனுடைய பெயர் வருகிறதே, அது நல்ல தேசமா என்று கேட்டாள். தேடிப் படித்தேன். அதை 1892இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். ஆனால் அவர் எழுதியதில் தேவனுடைய பெயர் கிடையாது. ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த 1954இல்தான் அதைச் சேர்த்தார்கள். போதகர் தேவையென்று நினைக்காததை அரசியல்வாதிகள் சேர்த்திருக்கிறார்கள். இதைப் பெட்டி சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய இடறல் ஒன்று இருந்தது. அந்தத் தேசத்தை நிறுவியவர்கள் எல்லாரும் தேவபக்தியுள்ளவர்கள் என்று ஒரு பாடம். தாமஸ் ஜெபர்சன் சுவிசேஷங்களை எடுத்து, அற்புதங்கள் வரும் பகுதிகளை விட்டுவிட்டுத் தனக்கு வேண்டிய வசனங்களை மட்டும் வெட்டி ஒட்டித் தனிப் புத்தகமாக வைத்திருந்தவர். அதில் உயிர்த்தெழுதல் கிடையாது. வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தார், ஜெபர்சனும்தான். இவ்வளவையும் ஆறு வயதில் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் "பக்தியுள்ளவர்கள்" என்று சொல்லாமலாவது இருந்திருக்கலாம். மறைப்பது வேறு, தள்ளிவைப்பது வேறு. பெட்டியை நடத்தும் தாய்க்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓயாத வேலை.

பாடநூல் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். நாம் படித்த காலத்துப் பாடநூலைத் திறந்ததும் முதல் பக்கங்களிலேயே "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்" என்று அச்சடித்திருந்தார்கள். பார்த்துப் பார்த்து அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. இப்போதைய புத்தகங்களில் "தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்" என்று இருக்கிறது. ஒரு அரசாங்கம் தன் ஜனங்களின் பாவத்தைப் பாவம் என்றே பெயரிட்டுப் பிள்ளைகளின் புத்தகத்தில் போட்டது சின்ன விஷயமில்லை. நாங்கள் வாங்கிய பெட்டியில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

உள்ளே போனால்தான் தொனி மாறுகிறது. எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருப்பதுபோல எழுதியிருக்கும். ஊராட்சி குடிநீர் தரும், தெருவிளக்கு போடும், மக்கள் பங்கெடுப்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் தெருவிளக்கு எரியாத தெருவில் உட்கார்ந்து அதைப் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? அடிப்படைக் கடமைகள் என்ற பட்டியலையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. அது அரசமைப்புச் சட்டத்தில் 1950இல் இல்லை. 1976இல், அவசரநிலையின்போது, 42ஆம் திருத்தத்தில் நுழைந்தது. குடிமக்களின் உரிமைகளை முடக்கி வைத்திருந்த நேரத்தில் கடமைகளைச் சேர்த்தார்கள் என்பது பெரியவர்களுக்கே சிரிப்பையும் கசப்பையும் சேர்த்துத் தரும். பட்டியல் நல்ல பட்டியல்தான், நான் மூத்தவளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். கதையை மட்டும் இன்னும் நாலு வருடத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

மூன்றாவது வழிக்கு வந்தது தற்செயலாக. குடும்ப ஜெபத்தில் 1 சாமுவேல் 8ஆம் அதிகாரம் வந்தது. எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்கிறார்கள். ராஜா வந்தால் உங்கள் பிள்ளைகளைத் தேரோட்டப் பிடிப்பான், பெண்பிள்ளைகளைச் சமைக்கவும் அப்பம் சுடவும் வைப்பான், நல்ல வயல்களை எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒன்று வாங்குவான் என்று தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரிக்கிறார். "நம்மட்டயும் வாங்குதாங்களாம்மா?" என்றாள் மூத்தவள். எடுத்துவைத்திருந்த கடை பில்லைக் கொண்டுவந்து காட்டினேன். பிஸ்கெட்டுக்கு அடியில் இரண்டு வரி: ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநில அரசுக்கு. தன் உண்டியல் காசில் அவள் வாங்கிய பிஸ்கெட். தானும் வரி கட்டுகிறவள் என்று தெரிந்ததும் முகத்தில் வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் அந்தக் காசில் ரேஷன் அரிசியும் அரசு ஆஸ்பத்திரியும் நாலுவழிச்சாலையும் எப்படி வருகின்றன என்று கணக்குப் போட்டோம். அடுத்த நாள் கோபம் பாதியாகிவிட்டது. பாதி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதிலிருந்து ராஜாக்களின் கதைகளையே குடிமையியல் பாடமாக்கிவிட்டோம். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைவிட நிலம் கையகப்படுத்துவதைப் பற்றி நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ராஜா ஆகாப் முதலில் விலை பேசுகிறான், நாபோத் மாட்டேன் என்கிறான், அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது. அதற்குப் பிறகு அவன் மனைவி யேசபேல் ராஜாவின் பெயரில் கடிதம் எழுதி, முத்திரை போட்டு, பொய்ச்சாட்சி இரண்டு பேரைப் பிடித்து, விசாரணை என்ற பெயரில் ஆளையே முடிக்கிறாள். காகிதம், முத்திரை, சாட்சி எல்லாம் சரியாக இருந்தும் அநியாயம் நடக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. இன்றைக்கு ரோடு போட அரசு நிலம் எடுத்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும், அதற்கு 2013இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது என்றேன். "நாபோத்துக்கு அந்தச் சட்டம் இருந்துச்சா?" என்று சின்னவன் கேட்டான். இருந்திருந்தாலும் யேசபேல் இருந்தாளே என்று அக்காக்காரி பதில் சொன்னாள்.

வேதாகமத்தை இதற்கு எடுத்ததில் எனக்குப் பெரிய நிம்மதி, வாபஸ் வாங்க வேண்டிய வரி அதில் இல்லை. தாவீதை "என் இருதயத்துக்கு ஏற்றவன்" என்று சொல்லும் அதே புத்தகம், அவன் தன் படைவீரன் உரியாவைக் கொல்லக் கொடுத்ததையும் ஒளிக்கவில்லை. தீர்க்கதரிசி நாத்தான் ராஜாவிடம் நேரே போய் "நீயே அந்த மனுஷன்" என்கிறான். நாட்டை வெறுக்கிறவன் பேசுகிற பேச்சா அது? நாட்டுப்பற்று என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இப்போது தாவீதோடு நாத்தானும் வருகிறான்.

நாட்டுக்காரர்களில் நாத்தான் யார் என்று கேட்டால் நான் ஜே.சி. குமரப்பாவைச் சொல்வேன். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். பம்பாயில் நல்ல வருமானமுள்ள தணிக்கையாளர் தொழிலை விட்டுவிட்டுக் காந்தியிடம் போனார், வெள்ளைக்காரன் ஜெயிலில் இருந்தார். சுதந்திரம் வந்த பிறகு நம் அரசையும் பொருளாதார விஷயத்தில் சும்மா விடவில்லை. கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30இல், காந்தி இறந்த அதே தேதியில், காலமானார். கிறிஸ்தவன் என்றால் வெள்ளைக்காரன் பக்கம் என்று பிள்ளைகளிடம் யாராவது ஒருநாள் சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கட்டும்.

அப்புறம் கிராம சபை. போன அக்டோபர் 2இல் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். வரவு செலவு வாசித்தார்கள், தண்ணீர்த் தொட்டிக்குச் சண்டை வந்தது, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டோம். தலைவர் ஒரு பெண். அவர் ஓரமாக உட்கார்ந்திருக்க, பேசியது முழுக்க அவருடைய வீட்டுக்காரர். "ஏம்மா, போர்டுல அந்த அத்தை பேருதான போட்டிருக்கு, பேசுறது பூரா மாமால்லா?" என்று மூத்தவள் சத்தமாகவே கேட்டுவிட்டாள். எனக்கு வேர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து, உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருப்பதையும், சட்டம் நாற்காலி வரைதான் கொண்டுபோய் விடும், அதற்கு மேல் வீட்டுக்குள் நடக்க வேண்டிய வேலை என்பதையும் சொன்னேன். எந்தப் பாடநூலிலும் இந்தப் பக்கம் கிடையாது.

என் மாமனாருக்கு இதெதுவும் பிடிக்கவில்லை. சபை மூப்பர். "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று பவுலின் வசனம் சொல்லி, பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு என்பார். நம்மில் பல வீடுகளில் நான்காவது வழியாக இதுதான் ஓடுகிறது, அதனால் இதையும் எடைபோட வேண்டும். அவர் சொல்வதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். கொடி நமக்குத் தெய்வமாகிவிடக் கூடாது. மீதிப் பாதிக்கு அதே பவுலையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். பரலோகக் குடியிருப்பைப் பற்றி எழுதின பவுல்தான், சாட்டையால் அடிக்கக் கட்டினபோது நான் ரோமக் குடிமகன் என்று சொன்னார். பிற்பாடு "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடும் செய்தார். உரிமை இன்னதென்று தெரிந்திருந்ததால்தானே கேட்க முடிந்தது. மாமனார் பதில் சொல்லவில்லை, ஆனால் அடுத்த கிராம சபை என்றைக்கு என்று கேட்டார்.

தேசிய கீதத்துக்கு நாங்கள் எழுந்து நின்று பாடுவோம். பாடாத பிள்ளைகள் கேரளத்தில் இருந்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். யெகோவா சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், 1985இல் மரியாதையாக எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவர்கள் உபதேசம் எங்களுக்கு ஒப்பில்லை. ஆனாலும் தன்னோடு சேர்ந்து பாடாத பிள்ளையையும் காப்பாற்றிய நாடு என்று சொல்லும்போது என் பிள்ளைகளுக்கு நாட்டின் மேல் வந்த பிரியம், எந்த அணிவகுப்பைப் பார்த்தும் வந்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். எங்கள் வழியில் வரிசை கிடையாது. நாபோத் கதையை விலாவாரியாகச் சொல்லும் மூத்தவளுக்கு மாநிலத் தலைநகரங்களில் பாதி தெரியாது. அதற்குப் பாடநூலைத்தான் எடுக்கிறோம். ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் எனக்கு இரண்டு மணி நேரம் தயாரிப்பு. வேலைக்குப் போகும் அம்மாவால் இது முடியுமா என்பது சந்தேகம்தான். அவர்களுக்குப் பாடநூலோடு வருடம் இரண்டு கிராம சபை போதும் என்பேன். நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபையே இல்லை. அங்கே எதை வைத்து நடத்துவது என்று எனக்கு அனுபவம் இல்லை. திறந்தநிலைப் பள்ளிப் பரீட்சை வரும்போது இந்த முறை தாங்குமா என்பதும் இன்னும் நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

இன்னும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. இதை அரசின் அநியாயம் என்று மட்டும் சொல்லிவிடலாம், சுலபம். ஆனால் நம் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியது எந்த அரசு? சாதிக்கொரு பகுதியாகப் பிரித்துக் கட்டிய கிறிஸ்தவக் கோயில் நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் இருந்தது என்று எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது? ஒன்பது வயதுக்கு இது பாரம் என்று தோன்றுகிறது. பதினொன்றில் சொல்லலாம் என்று நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம். அதற்கு முன் அவளே கேட்டுவிட்டால், தெரியாதது போல் நடிப்பதில்லை என்றும்.

பெட்டியைக் கோயம்புத்தூரில் ஒரு வீட்டுப் பள்ளிக் குடும்பத்துக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன், சரித்திரப் புத்தகம் இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு. அடுத்த கிராம சபை மார்ச் 22, தண்ணீர் தினம். தெருக்குழாயில் ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது என்று கேட்கப்போவதாகச் சின்னவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த அத்தையைத்தான் கேட்க வேண்டும், மாமாவை இல்லை என்று அக்கா அவனுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறாள்.